ஒரு பிக்கப்பை இன்னொரு பிக்கப்பால் கட்டி இழுக்கலாமா?

கேள்வி இதுதான்: கிளட்ச் பிளேட் தீய்ந்துபோன பொலிரோ பிக்கப் ஒன்று ஊருக்கு வெளியே ரோட்டோரம் நிற்கிறது. பின்னால் தக்காளிப் பெட்டி லோடு. மெக்கானிக் ஷெட் நான்கு கிலோமீட்டரில் இருக்கிறது. நண்பரிடம் அதேபோல இன்னொரு பிக்கப் உண்டு. கயிறு கட்டி இழுத்துவிடலாமா, என்ன கயிறு, எங்கே கட்டுவது, கியர்பாக்ஸுக்கு ஏதாவது ஆகுமா?

இழுக்கலாம். நான்கு கிலோமீட்டர், சமதளம், பகல் நேரம் என்றால் தாராளமாக இழுக்கலாம். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கிற எல்லோரும் முன்னால் போகிற வண்டியைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். அதற்கு இழுவை இருக்குமா, அதன் கிளட்ச் தாங்குமா என்று. அது சின்ன விஷயம். பாதி லோடில் மேடு ஏறுகிற வண்டிக்கு, நியூட்ரலில் உருளும் இன்னொரு வண்டி ஒரு பாரமே இல்லை. நல்ல தார் ரோட்டில் ஒன்றேமுக்கால் டன் வெறும் வண்டியை உருட்ட இருபத்தைந்து, முப்பது கிலோ இழுவை போதும். இரண்டு பேர் தள்ளினாலே நகர்வது அதனால்தான். சிக்கல் நிறுத்துவதில் இருக்கிறது. இரண்டு வண்டிக்கும் பிரேக் பிடிப்பவர் பின்னால் உட்கார்ந்திருப்பவர். ஆகவே முதலில் முடிவு செய்ய வேண்டியது, செத்த வண்டியில் யார் உட்காருவது என்பதைத்தான். அனுபவம் உள்ள டிரைவர் முன் வண்டியில் ஏறிக்கொண்டு, லைசென்ஸ் இல்லாத கிளீனரைப் பின்னால் உட்கார வைப்பதைத்தான் ரோட்டில் அடிக்கடி பார்க்கிறோம். அப்படியே தலைகீழாக மாற்றுங்கள். இருவரில் கைதேர்ந்தவர் பின்னால் இருக்கட்டும்.

இழுப்பதற்கு முன்னால், இழுத்தே ஆக வேண்டுமா என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். கிளட்ச் பிளேட் தீயாமல், கிளட்ச் சிலிண்டரில் ஆயில் ஒழுகி பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டது மட்டும்தான் என்றால் வண்டி தன் காலிலேயே ஷெட்டுக்குப் போகும். இன்ஜினை நிறுத்தி, முதல் கியரைப் போட்டு, முன்னால் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு அப்படியே சாவியைத் திருகினால் ஸ்டார்ட்டர் மோட்டாரே வண்டியை நகர்த்திக்கொண்டு இன்ஜினை எழுப்பும். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்கிற சுவிட்ச் உள்ள புது வண்டிகளில் பெடலை மிதித்தபடி திருகலாம். சிலிண்டர்தான் வேலை செய்யவில்லையே, கியர் விடாது. முதல் கியரிலேயே ஊர்ந்து போய்விடலாம், வழியில் நிற்க நேராத வரைக்கும். டீசல் தீர்ந்து ஏர் பிடித்த வண்டிக்கும் கயிறு வேண்டாம். ஃபில்டர் பக்கத்தில் கையால் அழுத்தும் பம்ப் இருந்தால் ஏர் எடுத்துவிடலாம்.

எப்போது இழுக்கவே கூடாது என்பதும் முக்கியம். பிரேக் போன வண்டியைக் கயிற்றில் கட்டக் கூடாது. ஸ்டியரிங் போனது, பால் ஜாயின்ட் கழன்றது, வீல் பேரிங் உடைந்து சக்கரம் ஆடுவது, இதற்கெல்லாம் மேலே தூக்கி வைத்துக்கொண்டு போகிற ரெக்கவரி வண்டிதான். ஆட்டோமேட்டிக் கியர் உள்ள வண்டியையும், பேட்டரியில் ஓடும் மின்சார வண்டியையும், இன்ஜினோ மோட்டாரோ சுற்றுகிற சக்கரம் தரையில் உருளும்படி இழுக்கக் கூடாது. மலைப்பாதை வேண்டவே வேண்டாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியிலே நின்ற வண்டியைக் கயிற்றில் கட்டி இறக்கலாம் என்று யாராவது சொன்னால், அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033 என்ற எண்ணுக்கு அழைத்தால் உதவி கேட்கலாம். லாரிகள் பறக்கிற நான்குவழிச் சாலையில் கயிறும் கையுமாக நிற்பதைவிட அது எவ்வளவோ மேல். இன்சூரன்ஸில் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்து எடுத்திருந்தால் அதையும் பாருங்கள். வெறும் பாலிசி பொதுவாக விபத்தில் அடிபட்ட வண்டியை எடுத்துப் போகும் செலவைத்தான் பார்க்கும், ரிப்பேராகி நின்ற வண்டியை அல்ல.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம்.

முதல் வேலை லோடு. தக்காளிப் பெட்டிகளை இறக்கி நண்பரின் வண்டியில் ஏற்றுங்கள். இது வெறும் பாரம் குறைக்கிற வேலை இல்லை, இரண்டு லாபம் உண்டு. ஒன்று, பின்னால் வருகிற வண்டி லேசாகும். லோடோடு மூன்று டன்னுக்கு மேல் இருப்பது இரண்டு டன்னுக்குக் கீழே வந்துவிடும். இரண்டாவது, முன் வண்டியின் பின்சக்கரத்தில் பாரம் ஏறும். வெறும் பிக்கப்புக்குப் பின்பக்கம் காற்று மாதிரி. பட்டை ஸ்பிரிங் விறைப்பாக நிற்கும், கொஞ்சம் மண்ணோ ஈரமோ இருந்தால் டயர் சும்மா சுற்றும், பிரேக் பிடித்தால் பின்பக்கம் விலகும். அரை டன், ஒரு டன் ஏற்றினால்தான் அந்த வண்டி ரோட்டைப் பிடித்து நிற்கும். கட்டி இழுக்கிறபோது முன் வண்டி பின் வண்டியைவிடக் கனமாக இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. டாடா ஏஸ் குட்டியானையை வைத்துப் பொலிரோவை இழுத்தால் நகரும். ஆனால் ஒரு சரிவு வந்தால் யார் யாரை இழுக்கிறார்கள் என்று தெரியாது.

கயிறு. நைலான் கயிறு, கட்டைவிரல் அளவுக்காவது பருமன், வெயிலில் வெளுத்துப் பிசிறு விடாதது. நான் நைலானைச் சொல்வதற்குக் காரணம் பலம் இல்லை, அது நீண்டு கொடுக்கும் என்பது. இரும்பு ரோப் பலத்தில் இதைவிட அதிகமாக இருக்கலாம், ஆனால் அவ்வளவாக நீளாது. கயிறு தொய்ந்து கிடக்கும்போது முன் வண்டி மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது மனிதர் நடக்கிற வேகத்தில், கிளம்பிக் கயிறு சட்டென்று இறுகுகிறது என்று வையுங்கள். இரண்டும் ஒன்றேமுக்கால் டன் வண்டி. ரோப் மொத்தமாக 5 சென்டிமீட்டர்தான் நீண்டது என்றால், அந்த நொடியில் கொக்கியில் விழும் இழுவை சுமார் 3.4 டன். அதே இடத்தில் நைலான் 25 சென்டிமீட்டர் நீண்டு கொடுத்தால் சுமார் 700 கிலோ. சும்மா உருட்ட 30 கிலோ போதும் என்று மேலே சொன்னதை இதோடு சேர்த்துப் பாருங்கள். கொக்கி பிய்ந்துகொண்டு போவதும், கயிறு அறுவதும் இழுக்கும்போது அல்ல, வெட்டி இழுக்கும்போதுதான். வேகம் இரண்டு மடங்கானால் நைலானிலும் இந்த அடி ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தார்ப்பாய் கட்டுகிற மெல்லிய கயிறு, தேங்காய் நார்க் கயிறு, லோடு இறுக்கும் ராட்செட் பெல்ட் மூன்றும் இதற்கு ஆகாது. கிரேன்காரர்கள் தூக்கப் பயன்படுத்தும் தட்டையான பெல்ட் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். நைலான் அளவுக்கு நீளாது, கிளம்பும்போது இன்னும் பதமாகக் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். கிடைக்குமானால் எல்லாவற்றையும்விட நல்லது இரும்பு இழுவை ராடு. இரண்டு வண்டிக்கும் நடுவே விறைப்பாக நிற்பதால் பின் வண்டி முன் வண்டியில் இடிக்கவே முடியாது. லாரி ஷெட்டுகளில் ஒன்று சாத்தி வைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

கட்டுகிற இடம் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸாக இருக்க வேண்டும். முன்பக்கம் பம்பருக்குக் கீழே குனிந்து பார்த்தால் சேசிஸோடு சேர்ந்த கொக்கியோ வளையமோ தெரியும். சில வண்டிகளில் வளையம் தனியாக டூல் கிட்டில் ஜாக்கி, வீல் ஸ்பேனரோடு கிடக்கும். பம்பரில் ஒரு சின்ன மூடியைத் திறந்து திருகி மாட்ட வேண்டும். கடைசிச் சுற்று வரை முழுதாகத் திருகுங்கள், பாதியில் நின்றால் வளைந்துவிடும். முன் வண்டிக்குப் பின்பக்கத்திலும் அப்படியே சேசிஸ் கொக்கி அல்லது குறுக்குச் சட்டம். பம்பரில் கட்டினால் பம்பர் மட்டும் ஷெட்டுக்கு வந்து சேரும். ஆக்ஸில், பட்டை ஸ்பிரிங், ஸ்டியரிங் ராடு, பாடியில் கயிறு மாட்ட வைத்திருக்கும் சின்னச் சின்னக் கொக்கிகள் எதிலும் கட்டாதீர்கள். கொக்கி ஒரு ஓரமாக இருந்தால் இரண்டு வண்டியிலும் ஒரே பக்கத்துக் கொக்கியை எடுங்கள், கயிறு குறுக்கே போகக் கூடாது. பம்பர் தகட்டின் கூர் விளிம்பில் கயிறு உரசுகிற மாதிரி இருந்தால் பழைய டியூப்பைச் சுற்றிவிடுங்கள்.

முடிச்சு பற்றி ஒரு வார்த்தை. இறுகிப்போன முடிச்சை ஷெட்டில் நின்று பல்லால் கடித்து இழுப்பவர்களைப் பார்த்திருக்கலாம். முடிச்சுக்குள் ஒரு கைப்பிடி நீள மரக்கட்டையைச் சொருகி இறுக்கினால் கடைசியில் கட்டையை உருவியதும் முடிச்சு தளர்ந்துவிடும். இரும்புக் கம்பியைச் சொருக வேண்டாம். கயிறு அறுந்தால் அது பறக்கும். அதே காரணத்துக்காகக் கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டுக் கட்டுங்கள். அறுந்தாலும் சாக்கின் பாரம் கயிற்றைக் கீழே தள்ளும். கூடவே ஒரு சிவப்புத் துணி. இறுகியிருக்கும் கயிற்றுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது, முன் வண்டியின் லோடு பாடியில் பின்பக்கமாக யாரும் உட்காரக் கூடாது.

நீளம், இரண்டு வண்டிக்கும் இடைவெளி நாலு, நாலரை மீட்டர். 1989-இல் வந்த சாலை விதிமுறைகள் 5 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, கயிறு மற்றவர்களுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும், பின் வண்டியின் முதுகில் வெள்ளையில் கறுப்பாக 75 மில்லிமீட்டர் உயர எழுத்தில் 'ஆன் டோ' என்று எழுதி மாட்ட வேண்டும், வேகம் 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்றன. இழுக்கப்படும் வண்டியின் ஸ்டியரிங்கில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. 2017-இல் இவற்றுக்குப் பதிலாகப் புது விதிமுறைகள் வந்துவிட்டன. ஆனாலும் இந்தப் பழைய கணக்குகளைக் கையில் வைத்துக்கொண்டால் தவறே வராது. ஒரு அட்டையில் மார்க்கரால் எழுதிக் கட்டிவிட இரண்டு நிமிடம் ஆகாது.

இப்போது பின் வண்டி. உங்கள் வண்டியில் ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது: போனது கிளட்ச், இன்ஜின் நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் கியரை நியூட்ரலில் போட்டு இன்ஜினை ஐடிலில் ஓட விடுங்கள். பிரேக்குக்கு உதவும் வேக்யூம் கிடைக்கும், பவர் ஸ்டியரிங் வேலை செய்யும், பேட்டரி இறங்காது, கியர்பாக்ஸுக்குள் பல்சக்கரங்கள் ஓரளவு சுற்றி ஆயிலைத் தெளிக்கும். பாதிப் பிரச்சினை இதிலேயே தீர்ந்தது. கிளட்ச் பக்கம் கடகடவென்று சத்தம் வந்தாலோ, ஆயில் விளக்கு எரிந்தாலோ, சூடு ஏறினாலோ மட்டும் அணைத்துவிடுங்கள்.

இன்ஜின் ஓடாத வண்டி என்றால் கதை வேறு. பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்யூம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். அதற்கப்புறம் பெடல் கல் மாதிரி இருக்கும். பிரேக் போய்விடவில்லை, பிடிக்கும். ஆனால் முழு பலத்தையும் போட்டு மிதித்தால்தான் பிடிக்கும். இதை ரோட்டில் முதன்முறையாகத் தெரிந்துகொள்ளக் கூடாது. நிற்கும்போதே நாலைந்து முறை மிதித்து வேக்யூமைத் தீர்த்துவிட்டு, பெடல் எவ்வளவு கெட்டியாகிறது என்று காலுக்குக் காட்டிவையுங்கள். ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள், வழியெல்லாம் இடது கை அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். சாவி ஆன் நிலையில் இருக்க வேண்டும். சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், முதல் வளைவிலேயே வண்டி நேராகப் போய்விடும். சாவி ஆனில் இருந்தால் பிரேக் லைட்டும் ஹாரனும் கிடைக்கும். ஹசார்டு விளக்கைப் போட்டால் பல வண்டிகளில் இண்டிகேட்டர் தனியாகத் தெரியாது, ஆகவே திரும்பும்போது கையைக் காட்டுங்கள்.

முன் வண்டியின் பிரேக் லைட் இரண்டும் எரிகிறதா என்றும் பாருங்கள். பின்னால் இருப்பவருக்கு முழு உலகமும் அந்த இரண்டு சிவப்பு விளக்குகள்தான். 20 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் ஐந்தரை மீட்டர் போகும். உங்கள் இடைவெளியே நாலரை மீட்டர்தான். முன் வண்டி சட்டென்று நின்றால் யோசிக்க ஒரு நொடிகூட இல்லை. அதனால்தான் முன்னால் ஓட்டுபவர் பிரேக்கைச் சட்டென்று தொடவே கூடாது. நிற்க வேண்டிய இடத்துக்கு ஐம்பது அடி முன்னாலேயே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கை லேசாகத் தடவி விளக்கை மட்டும் எரிய விட வேண்டும். அதைப் பார்த்ததும் பின்னால் இருப்பவர் பிரேக் பிடிப்பார். கயிறு இறுகி முன் வண்டியும் அதோடு நிற்கும்.

ஓட்டுகிற சூத்திரம் மொத்தமும் ஒன்றுதான்: கயிறு தொய்யக் கூடாது. கிளம்பும்போது முதல் கியரில், ஐடிலிலேயே, கயிறு தரையிலிருந்து எழும்பி நேராகும் வரை ஊர்ந்து, அப்புறம்தான் ஆக்சிலேட்டர். ஹாஃப் கிளட்சை ரொம்ப நேரம் பிடித்தால் இரண்டாவது வண்டிக்கும் கிளட்ச் பிளேட் வாங்க வேண்டியிருக்கும். முதல் கியரில் நன்றாக நகர்ந்ததும் இரண்டு, சமதளத்தில் மூன்று போதும். கியர் மாற்றும் இடைவெளியில் முன் வண்டி ஒரு கணம் தளரும். அந்தக் கணத்தில் பின்னால் இருப்பவர் பிரேக்கை லேசாக உரசினால் கயிறு இறுக்கமாகவே இருக்கும். மற்ற நேரமெல்லாம் பிரேக்கில் காலை வைத்தபடி வர வேண்டாம், டிரம் சூடாகும்.

நம் ஊர் ரோட்டில் சோதனை வேகத்தடையில் வருகிறது. முன் வண்டி அதற்காக வேகத்தைக் குறைத்து ஏறி இறங்கும்போது பின் வண்டி பழைய வேகத்திலேயே வந்து கயிற்றைத் தொய்ய விடும். தொய்ந்த கயிறு முன்சக்கரத்துக்கு அடியில் போகும். அடுத்த நொடி முன் வண்டி வேகமெடுக்க, வெட்டென்று இழுக்கும். ஆகவே முன் வண்டியின் பின்சக்கரம் தடையில் ஏறும்போதே பின்னால் பிரேக் வேண்டும். முன்னால் ஓட்டுபவர் தடையைத் தாண்டிய பிறகும் பின் வண்டியின் நான்கு சக்கரமும் இறங்கும் வரை அதே ஊர்ந்த வேகத்தில் போக வேண்டும். வளைவுகளில் முன் வண்டி அகலமாகத் திரும்பட்டும், பின் வண்டி வெளிப்பக்கமாகவே வரட்டும். உள்ளே வெட்டினால் கயிறு தளரும், திட்டு இருந்தால் சக்கரம் ஏறும்.

அப்புறம் நடுவில் நுழைகிறவர்கள். இதைக் கையேடுகளில் எழுத மாட்டார்கள். ஒட்டன்சத்திரம் மார்க்கெட் பக்கம் ஒரு சந்திப்பில் கட்டி இழுத்து வந்த இரண்டு வண்டிகள் நின்றதும், பின்னால் பால் கேன் கட்டிய ஒரு பைக்காரர் இடைவெளியைப் பார்த்துச் சர்ரென்று உள்ளே திருப்பினார். கயிறு தொய்ந்து தரையில் கிடந்ததால் அவர் கண்ணில் படவே இல்லை. முன் வண்டி அப்போது நகர்ந்திருந்தால் கயிறு அவர் முழங்கால் உயரத்துக்கு எழும்பியிருக்கும். நின்ற இடத்தில் எல்லாம் இந்த ஆபத்து உண்டு. பாதசாரிகளும் இரண்டு வண்டிக்கும் நடுவே புகுந்துதான் ரோட்டைக் கடப்பார்கள். சிவப்புத் துணி கட்டுவது பாதி மருந்து. மீதிக்கு, சந்திப்புகள் குறைவான வழியாகச் சுற்றிப் போங்கள், நிற்கும்போதும் பின் வண்டியின் பிரேக்கால் கயிற்றை இறுக்கியே வைத்திருங்கள், நகர்வதற்கு முன்னால் பின்னால் இருப்பவர் ஒரு ஹாரன் கொடுத்த பிறகே முன் வண்டி கிளம்பட்டும். ஒரு ஹாரன் போகலாம், விடாத ஹாரன் நிறுத்து என்று புறப்படுமுன்பே பேசி வையுங்கள். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டு வருவது வேண்டாம், சிக்னல் போகிற இடம் வேகத்தடையாகத்தான் இருக்கும். முன் வண்டியில் கிளீனர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியில் பின்னாலேயே பார்த்துக்கொண்டு வரலாம். இன்னொருவர் பைக்கில் விளக்கைப் போட்டுக்கொண்டு கடைசியாக வந்தால் இன்னும் நல்லது. ரயில்வே கேட் வழியில் இருந்தால் வேறு வழி பாருங்கள்.

கியர்பாக்ஸ் கேள்விக்கு நேரான பதில்: நான்கு கிலோமீட்டருக்கு ஒன்றும் ஆகாது. பின்சக்கர இழுவை வண்டியில் சக்கரம் உருண்டால், கியர்பாக்ஸையும் பின் ஆக்ஸிலையும் இணைக்கும் ஜாயின்ட் ராடு வழியாகக் கியர்பாக்ஸின் பின்பக்கத் தண்டு சுற்றும். இன்ஜின் அணைந்திருந்தால் கீழ்ப்பக்கப் பல்சக்கரங்கள் சுற்றாது, ஆயிலைத் தெளிப்பது அவைதான். சுற்றுகிற தண்டுக்கு எண்ணெய் கிடைக்காமல் நீண்ட தூரம் போனால்தான் பேரிங் தேயும். பத்து, இருபது கிலோமீட்டர் என்று நீண்டாலோ, போனதே கியர்பாக்ஸ்தான் என்றாலோ ஜாயின்ட் ராடைக் கழற்றிப் பாடியில் போட்டுக்கொள்ளுங்கள். கழற்றுவதற்கு முன்னால் சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும், ஏனென்றால் ராடு கழன்ற பிறகு கியரில் போட்டாலும் வண்டி நிற்காது. ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் என்றால் வண்டியோடு வந்த புத்தகத்தில் இழுப்பது பற்றிய பக்கத்தைப் பார்க்காமல் தொடாதீர்கள். மாடலுக்கு மாடல் மாறும்.

இழுத்துக்கொண்டே கியரைப் போட்டு ஸ்டார்ட் பண்ணலாமே என்று பக்கத்தில் நிற்கிற யாராவது சொல்வார். உங்களுக்குக் கிளட்சே இல்லை, அந்த யோசனை ஒத்துவராது. பேட்டரி இறங்கிய வண்டிக்கும் இதைச் செய்யாதீர்கள். இன்ஜின் பிடித்த நொடியில் பின் வண்டி முன்னால் பாயும், முன் வண்டி நாலரை மீட்டரில் இருக்கிறது. அதோடு பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த புது வண்டிகளில் டீசலை உள்ளே விடுவதே கம்ப்யூட்டர்தான். பேட்டரி அடியோடு செத்திருந்தால் எவ்வளவு தூரம் இழுத்தாலும் எழும்பாது. ஜம்பர் கேபிள் ஐந்து நிமிட வேலை.

ஷெட் வாசலுக்கு வந்ததும் கயிற்றில் கட்டியபடியே உள்ளே திருப்பப் பார்க்க வேண்டாம், அங்கேதான் மற்ற வண்டிகளின் கதவும் கண்ணாடியும் போகும். ரோட்டோரமாகப் பின் வண்டியின் பிரேக்கில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கல் வைத்த பிறகு, முன் வண்டி ஒரு அடி ரிவர்ஸ் வந்து கயிற்றைத் தளர்த்தட்டும். அதற்கப்புறம் கட்டையை உருவி முடிச்சை அவிழுங்கள். உள்ளே போகிற கடைசி இருபது அடிக்கு ஷெட்டில் இருக்கிறவர்கள் நாலு பேர் கை வைத்தால் போதும். தக்காளி நண்பரின் வண்டியிலேயே இருக்கிறது. அது அப்படியே மார்க்கெட்டுக்குப் போகட்டும்.